குதிரைக்குப் போட்ட ஊசி

என் அம்மாவிடம் யாராவது "பொண்ணு என்ன வேலை பாக்குறா?" என்று கேட்டால், "கவர்மெண்டு வேலை" என்று சொல்லிவிட்டு உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். மதுரையில் மழையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? இருந்தாலும் பேசுவார். பேச்சை மாற்றாவிட்டால் எந்தத் துறை என்பார்கள், அங்கே என்ன வேலை என்பார்கள். கடைசியில் கல்யாணப் பந்தியில், சாம்பார் வாளியோடு நிற்பவர் காதில் விழ, "ஆண் குதிரைக்குக் குட்டி போட வைக்கிற சத்து இருக்கான்னு பாக்குறா" என்று சொல்ல வேண்டியிருக்கும்.

நான் அப்படி மறைத்ததில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார், நான் உள்ளதைச் சொன்னேன். காபி டம்ளர்கள் பாதி வழியில் நின்றன. அம்மா மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மாப்பிள்ளையாக வந்தவர் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். இப்போதும் வீட்டுக்கு நான் தாமதமாக வந்தால், "இன்னைக்கு எந்த மாப்பிள்ளைக்குக் கோளாறு?" என்றுதான் கேட்பார்.

கால்நடை மருத்துவம் படித்தபோது கூடப் படித்தவர்கள் பசு, எருமை, கோழி என்று போனார்கள். கொஞ்சம் வசதியானவர்கள் நாய்க்குப் போனார்கள். நான் வடக்கே ஒரு குதிரைப் பண்ணைக்குப் பயிற்சிக்குப் போய் அங்கேயே சில வருஷம் ஒட்டிக்கொண்டேன். அங்கே என் வேலை பொலிகுதிரைகளோடு, அதாவது இனவிருத்திக்காக வைத்திருக்கும் ஆண் குதிரைகளோடு. ஒன்று பார்க்க மலை மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இன்னொன்று பார்க்கச் சோணங்கியாக இருக்கும், ஊர் முழுக்க அதன் குட்டிகள் ஓடும். வெளித்தோற்றத்துக்கும் உள்சரக்குக்கும் இத்தனை தூரம் உள்ள பிராணியை நான் பார்த்ததில்லை, மனிதனைத் தவிர. அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

மதுரைக்குத் திரும்பி வந்து பசுமலையில் குடியிருந்துகொண்டு குதிரை ஆராய்ச்சி என்றதும், "மதுரையில குதிரைக்கு எங்க போவ?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமப்பது எது? திருவிழாக்களில் நடக்கிற வண்டிப் பந்தயத்தில் ஓடுவது எது? மேற்கே வயல்காட்டு ஊர்களில், பைக் நிற்க வேண்டிய இடத்தில் பந்தயக் குதிரை நிற்கும். என் உதவியாளரே அப்படி வந்தவர்தான். பழைய நகரத்தில் ஊர்வலக் குதிரை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர், எந்த முரட்டுக் குதிரையும் அவர் கையில் அடங்கும். நான் மட்டும் அடங்க மாட்டேன் என்பது அவருடைய நிரந்தர வருத்தம். நான் எங்காவது கத்தத் தொடங்கினால், "மேடம், குதிரை பயப்படுது" என்பார். பயப்படுவது அவர்தான்.

எங்கள் தொழிலுக்கு ஒரு சாமான் உண்டு. ஏ.வி. என்போம். தோலால் செய்த தடித்த உருளை, உள்ளே ரப்பர் உறை, இரண்டுக்கும் நடுவில் சூடான தண்ணீர். ஆண் குதிரை பெட்டையென்று நம்பி இதனிடம் ஏமாறும், நாம் விந்தைச் சேகரித்துக்கொள்வோம். ஒரு தேர்தல் சமயத்தில் கப்பலூர் பக்கம் வண்டியை மறித்துச் சோதனை போட்டார்கள். டிக்கியைத் திறந்த அதிகாரி இரண்டு கையாலும் அதைத் தூக்கி, "இது என்னம்மா, பீரங்கியா?" என்றார். என்னவென்று விளக்கமாகச் சொன்னேன். பாதியிலேயே மெதுவாகக் கீழே வைத்தார். தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கையைக் கழுவினார். "போங்கம்மா" என்றார். அதற்குப் பிறகு அந்த வழியில் எங்கள் வண்டியை யாரும் மறித்ததில்லை.

ஒரு பங்குனி மாதக் காலையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் என் ஆய்வகத்துக்கு வந்தார்கள். கீழக்குயில்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். அவனுக்கு முப்பதைத் தாண்டியிருக்கும். சட்டைக் கை தையல் விட்டுப்போகிற மாதிரி புஜம், கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவள் ஒல்லி. கப்பலூரில் ஏதோ கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள், அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து எடுக்காமலே வந்திருந்தாள்.

"டாக்டரம்மா, பெட்டைக்கு ஏதாச்சும் ஊசி இருந்தாக் குடுங்க" என்றான். "எங்கிட்ட ஒரு பந்தயக் குதிரை இருக்கு. அவனுக்கு மூணு பெட்டைய விட்டுப் பாத்தாச்சு. ஒண்ணுகூடச் சினை பிடிக்க மாட்டேங்குது."

"மூணும் யாரோடது?"

"ஒண்ணு மாமா வீட்டுது, ஒண்ணு சேக்காளியோடது, ஒண்ணு நானே வாங்குனது. எல்லாத்துக்கும் சுழி சரியில்லம்மா."

குதிரை உடம்பில் முடி எங்கெங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்து ராசி சொல்வது குதிரைக்காரர்கள் வழக்கம். சுழி மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் தங்களுக்கு வேண்டாத எல்லாவற்றையும் கொண்டுபோய் அதன் தலையில் கட்டுவார்கள், அதுதான் எனக்கு எரிச்சல்.

"மூணு பெட்டையும் வேற வேற. மூணு தடவையும் மாறாம இருந்தது யாரு?" என்று கேட்டேன்.

நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தான். "நானா?" என்றான்.

பக்கத்தில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. "உங்க ஆண் குதிரைப்பா!" என்றேன்.

"அவன் ஆம்பளைம்மா! நீங்க அவன வந்து பாக்கணும். அவன் நெஞ்சு என்ன, நட என்ன! அவனப் போய்ச் சந்தேகப்படுறீங்களே?"

"நெஞ்ச வச்சாப்பா குட்டி போடுறது?"

அவள்தான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப, மொதல்ல ஆணத்தான் பாக்கணுமா டாக்டரம்மா?"

"ஆமா. ஆணப் பாக்குறது ஒரு காலைப் பொழுது வேலை. வலி கிடையாது, ஒண்ணும் கிடையாது. பெட்டையப் பாக்கணும்னா நாள் கணக்கா உள்ள கைய விட்டு, ஸ்கேன் எடுத்து, அதப் படாத பாடு படுத்தணும்."

"எனக்குச் சரியா வெளங்கல. இன்னொருக்கா சொல்லுங்க."

கணக்குப் பார்க்கிற பெண்ணுக்கு இதுகூடவா விளங்காது என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே மறுபடியும் சொன்னேன்.

"அப்ப ஆணப் பாக்காம பெட்டையவே போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தா?"

"அது கூறுகெட்ட வேலை" என்றேன். அவள் திருப்தியாகப் பின்னால் சாய்ந்துகொண்டாள். அவன் சன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் குதிரையைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர்கள் வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் சமணர் மலை நேர் எதிரே தெரியும். நாங்கள் போனபோது மலையைப் பார்க்க ஆளில்லை, எங்களைப் பார்க்கத்தான் தெருவே நின்றிருந்தது. எவனோ ஒருவன் மாடிப்படியில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். "ஸ்டேட்டஸ்ல போட்டே, செல்லு கிணத்துக்குள்ள போயிரும்" என்றேன். இறக்கிக்கொண்டான். குதிரை வேப்பமரத்தடியில் நின்றது. வாஸ்தவத்தில் அழகன்தான். கறுப்பில் பளபளப்பு, ஏறிய கழுத்து, புடைத்த நெஞ்சு. என் உதவியாளர், "மாஷா அல்லா" என்றார். பிறகு பின்பக்கமாகப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "மேடம், உடம்புக்குத் தக்கன இல்லையே" என்று கிசுகிசுத்தார். நானும் பார்த்தேன். அவ்வளவு பெரிய குதிரைக்கு விதைகள் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கிக் கிடந்தன.

ஏ.வி.க்கு வெந்நீர் வேண்டும். வீட்டுக்கார அம்மா, அதாவது அவனுடைய தாயார், பெரிய அண்டாவில் காய்ச்சிக்கொண்டிருந்தார். நல்ல உயரம், கட்டைக் குரல், சொல்லுக்குச் சொல் கையும் சேர்ந்து பேசும்.

"குதிரை குளிக்கவா இம்புட்டு வெந்நி?" என்று கேட்டார்.

"இல்லம்மா, சோதனைக்கு. உங்க குதிரையால ஏன் சினை பிடிக்கலன்னு பாக்கணும்."

"அவனால என்ன? வந்த பெட்டைக அப்பிடி." அண்டாவைக் கரண்டியால் ஒரு தட்டு தட்டினார். மருமகள் பக்கம் திரும்பவில்லை, ஆனால் குரல் மட்டும் திரும்பியது. "நம்ம வீட்டுக்கு வந்து சேருறது எல்லாமே மலடாத்தேன் வந்து சேருது."

அந்தப் பெண் விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டாள். எனக்கு உச்சந்தலை சுட்டது. வாளியோடு என் வண்டிவரை கூட வந்தபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல நான் ஏறாத கோயில் இல்ல, படுக்காத ஸ்கேன் பெஞ்சு இல்ல டாக்டரம்மா. எனக்கு ஒண்ணும் கொறையில்லன்னுட்டாக. வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுறாக. அவுக வர மாட்டேங்குறாக. ஆம்பளைக்கு என்ன டெஸ்ட்டுங்குறாக. ஆடி கழிஞ்சதும் வேற பொண்ணு பாக்கப் போறேன்னு அத்தை சொல்லிட்டாக. பொண்ணும் பாத்தாச்சு, பேசத்தான் பாக்கி."

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு. அதுக்கு நான் கோர்ட்டுக்குப் போகணும். எனக்குக் கோர்ட்டு வேணாம், அவுக வேணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "குதிரைய டெஸ்ட் பண்ணுவோம்னு நாந்தேன் நச்சரிச்சுக் கூட்டிட்டு வந்தேன். அன்னைக்கு ஆபீசுல சொன்னீங்கள்ல, மொதல்ல ஆணத்தான் பாக்கணும்னு? அத இங்க வச்சு, அத்தை காதுல விழுகுற மாதிரி ஒருக்கா சொல்லுங்க. நான் சொன்னா எதுத்துப் பேசுறதாகும். டாக்டர் சொன்னா வைத்தியம்."

விளங்காமலா அவள் மறுபடி மறுபடி கேட்டாள்! ஆய்வகத்தில் முட்டாளாக உட்கார்ந்திருந்தது நான்தான் என்று அப்போது உறைத்தது. எனக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷமே ரொம்பப் பிடித்துப்போனது.

சொல்லவா சொன்னாள்? கல்லூரியில்கூட எனக்கு யாரும் அப்படிப் பாடம் நடத்தியதில்லை. கையுறையை மாட்டிக்கொண்டே தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன். சினை பிடிக்கவில்லை என்றால் ஆணுக்குப் பாதி, பெண்ணுக்குப் பாதி பங்கு. ஆணைச் சோதிப்பது சுலபம், அதனால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் பெண்ணை மலடு என்று சொல்கிறவர்களுக்குக் குதிரை வளர்க்கத் தகுதியே கிடையாது. "குதிரைக்குத்தான் சொல்றேன்" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டேன். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்த அம்மா, "எல்லாம் குதிரைக்குத்தான" என்று முனகிக்கொண்டே அடுப்பை ஊதினார்.

சோதனை சுமுகமாக முடிந்தது என்று சொல்ல ஆசை. வெந்நீர் கொதிக்கக் கொதிக்க இருந்ததால் ஆற வைக்க வேண்டியிருந்தது. ஆறுவதற்குள் குதிரைக்கு அவசரம் வந்து கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டது. ஆசை காட்டுவதற்காக எதிரே கட்டியிருந்த பெட்டைக் குதிரை பயந்து வைக்கோல் போரில் போய் முட்டியது. மாடிப்படிக்காரன் முதல் ஆளாக வீட்டுக்குள் ஓடினான். என் உதவியாளர் குதிரையின் காதில் ஏதோ சொல்லித் தடவி அடக்கிக்கொண்டு வந்தார். நான் ஏ.வி.யோடு பக்கத்தில் போய் நின்றேன். அரை நிமிஷ வேலை. முடிந்ததும் நான் நிமிர்ந்து பார்த்தால் ஊரே முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேப்பமரத்தடியில் மேசை போட்டு மைக்ராஸ்கோப்பை வைத்திருந்தேன். ஒரு சொட்டை வைத்துப் பார்த்தேன். நல்ல பொலிகுதிரை என்றால் அந்த வட்டத்துக்குள் சித்திரைத் திருவிழாக் கூட்டம் தெரியும். இங்கே ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. செத்தது கூட ஒன்றிரண்டுதான். ஒரு தடவை பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதால், கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்து மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அதே வெற்று வட்டம்தான்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.

"ஒண்ணும் இல்லன்னா?"

"குட்டி போட வைக்கிற சத்து இப்ப உன் குதிரைகிட்ட இல்ல. மூணு பெட்டை மேலயும் தப்பில்ல."

அவன் முகம் செத்துவிட்டது. அந்த மலைபோன்ற உடம்பை வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விதை சுருங்கியதற்குக் காரணம் தெரிய வேண்டுமே. "குதிரைக்கு ஏதாச்சும் ஊசி போடுறியா?" என்று கேட்டேன்.

"சத்து ஊசிதாம்மா. சும்மா."

"என்ன ஊசி?"

"சும்மாம்மா, பந்தயத்துக்கு, நெஞ்சு வரணும்னு."

"பேரு இல்லாத ஊசியா? கொண்டா அத."

அவன் அசையவில்லை. அவள் உள்ளே போனாள். ஃபிரிட்ஜ் திறக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்ததாம், ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பார்த்தேன். உடம்பு ஏற்றுகிற ஸ்டீராய்டு. ஜிம்முகளில் திருட்டுத்தனமாக விற்கிற சரக்கு, மனுஷனுக்கு ஏற்றுகிற ஊசி. இதைக் குதிரை டாக்டர் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

"இது குதிரை மருந்தே இல்லையே. யாருக்கு வாங்குனது இது?" என்றேன்.

அவன் தலையைத் தூக்கவில்லை. அவள்தான் சொன்னாள். "ரெண்டு பேருக்கும் டாக்டரம்மா. ஜிம் மாஸ்டர் குடுத்தது. மொதல்ல இவுக போட்டுக்கிட்டாக. நல்லா ஏறுதுன்னு அப்புறம் அவனுக்கும் போட்டாக. ஒரே நாள்ல போட்டுக்குவாக, ரெண்டு பேரும்."

என் உதவியாளர், "யா அல்லா" என்று தலையில் கை வைத்தார். கூட்டத்தில் எவனோ குதிரை மாதிரியே கனைத்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏம்ப்பா, உனக்குக் கூறு இருக்கா? தினமும் ஓட்டல்ல இருந்து சோறு வந்தா வீட்டுல அடுப்பு எரியுமா? வெளிய இருந்து இந்தச் சரக்கு வந்தா, உள்ள இருக்குறது எனக்கென்ன வேலைன்னு அடுப்ப அணைச்சிரும். சதை ஏறும், விதை சுருங்கும். நெஞ்சு பெருசாகும், பிள்ளை பிறக்காது" என்று பொரிந்து தள்ளினேன். அப்போது நான் குதிரையைப் பற்றித்தான் பேசுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"மேடம், குதிரை பயப்படுது" என்றார் உதவியாளர்.

கிளம்பும்போது அவன் வண்டிக்கு அருகில் வந்தான். "அத நிறுத்துனா சரியாயிருமா?" என்று மெதுவாகக் கேட்டான். எது என்று நான் கேட்கவில்லை. "குதிரைக்குப் பெரும்பாலும் திரும்பும், மாசக்கணக்கா ஆகும். மனுசனுக்கு மனுச டாக்டரப் போய்ப் பாரு. இன்னைக்கே போ" என்றேன்.

அந்த அம்மாவுக்கு விஷயம் எட்டவில்லை. காதில் விழுந்தும் அவரே எட்டவிடவில்லை என்பதுதான் சரி. குதிரைக்குப் போட்ட ஊசியால் குதிரைக்குக் கோளாறு, அதோடு முடிந்தது கதை என்று எடுத்துக்கொண்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். மகன் உடைத்தால் குடமே உடையவில்லை.

ஊசி நின்றது. சித்திரையில் குதிரையைக் குட்டியானை வண்டியில் ஏற்றி என்னிடம் கொண்டுவந்தான். குதிரையும் இளைத்திருந்தது, அவனும் இளைத்திருந்தான். முன்னே காணாமல் போயிருந்த அவன் கழுத்து தெரிய ஆரம்பித்திருந்தது. பந்தயத்தில் தோற்றானாம். "என்ன மாப்ள, குதிரைய விட நீ வத்திட்ட?" என்று ஊரே கேலி செய்கிறதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தான், சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. அன்று வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. அடுத்த மாதமும் இல்லை. ஆனியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாலை ஆட்டின. "பாரு, அடுப்பு பத்திக்கிச்சு" என்றேன். அவன் மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

அவள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் போன் பண்ணுவாள். அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனை செய்துகொண்டானாம், குதிரைக்கு வந்த அதே முடிவாம். வீட்டுக்கு வந்து இவளிடம் சொல்லி அழுதானாம். மருந்து சாப்பிடுகிறானாம். கேட்க எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

"அப்புறம் என்ன? ஆத்தாகிட்ட சொல்லியாச்சுல்ல?"

"அதுதான் டாக்டரம்மா இல்ல. எங்கிட்ட சொல்லிட்டாக. ஆத்தாகிட்டச் சொல்ல வாய் வரலைங்குறாக. ஆவணி பொறந்ததும் அந்தப் பொண்ணு வீட்டுக்குப் பூ, பழத்தட்டோட போகப் போறாகளாம் அத்தை. தட்டு வாங்கியாச்சு. இவுக பேசாம இருக்காக."

"நீ சொல்லேன்."

"நான் சொன்னா, எம் புள்ள மேல பழி போடுறான்னு என்னத்தேன் வெளிய தள்ளுவாக. அவுக வாயாலதான் வரணும்." "டாக்டரம்மா, கடைசி டெஸ்ட்ட எங்க வீட்டுல வந்து எடுப்பீங்களா? ஆடி முடியுறதுக்குள்ள?"

எதற்கு என்று நான் கேட்கவில்லை. இந்தத் தடவை விளங்கியது.

ஆடிக் காற்று வேப்பமரத்தைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. மேசையைச் சுவர் ஓரமாகப் போட்டோம். அதே தெரு, அதே கூட்டம், மாடிப்படியில் அதே ஆள், இந்தத் தடவை செல்போன் இல்லாமல். அந்த அம்மா அதே அண்டாவில் வெந்நீர் காய்ச்சி, தானாகவே ஆற்றிக் கொண்டுவந்தார். "சூடு போதுமா பாருங்க. போன தடவை குதிரைக்கு அவசரமாப் போச்சு" என்றார். வாசல் நடையில் புதுத் தாம்பாளங்கள் அடுக்கியிருந்தன. அவற்றைத் தாண்டித்தான் எல்லோரும் போய்வர வேண்டியிருந்தது.

குதிரை பழையபடி பளபளக்கவில்லை. ஆனால் ஏ.வி.யிடம் ஏமாந்துபோனதில் ஒரு குறையும் இல்லை. ஒரு சொட்டை வைத்துக் கண்ணைக் கொடுத்தேன். திருவிழா! இடித்துக்கொண்டும் புரண்டுகொண்டும் போகிற கூட்டம். வாய்விட்டுக் கத்திவிட்டேன். என் உதவியாளர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். அவன் ஓடிவந்து பார்த்தான். பிறகு, "ஆத்தா, இங்க வா, வந்து பாரு" என்று கூப்பிட்டான்.

அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு கண்ணை மூடத் தெரியாமல், கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "ஏ அய்யா! அயிரை மீனு கணக்கா ஓடுது!" என்று கூவினார். பெண்கள் எல்லாம் வரிசை கட்டிவிட்டார்கள். அவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன்ல, எங்க வீட்டு ஆம்பளைக்கு என்ன கொறைன்னு? குதிரைக்கும் சரியாப் போச்சு. இனி வீட்டுக்குள்ள இருக்குற கொறைய மாத்திட்டா எல்லாம் சரியாப் போகும்" என்று தாம்பாளங்களைப் பார்த்தார்.

அவள் அண்டா பக்கத்தில் நின்றாள். புருஷனைப் பார்த்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை. நான் வாயைத் திறந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதைவிடக் கஷ்டமான காரியத்தை என் வாழ்நாளில் செய்ததில்லை.

அவன் குதிரையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டான். "ஆத்தா" என்றான். அந்த அம்மா திரும்பிப் பார்த்ததும், "ஆத்தா, அந்த ஊசிய நானும் போட்டேன். குதிரைக்கு வந்ததுதேன் எனக்கும் வந்துச்சு. டெஸ்ட் பண்ணிட்டேன். கொறை எங்கிட்ட. இவகிட்ட ஒரு கொறையும் இல்ல, என்னைக்கும் இல்ல. அந்தத் தட்ட எல்லாம் உள்ள எடுத்து வையி" என்றான்.

இத்தனை பேர் நடுவில், தெருவே கேட்க, ஒரு ஆண்பிள்ளை அதைச் சொன்னான். பந்தயத்தில் அவன் என்ன ஜெயித்தானோ எனக்குத் தெரியாது, இது எனக்குப் பெரிசாகப் பட்டது.

அந்த அம்மா மகனைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கைகள் மட்டும் காற்றில் பேசிக்கொண்டிருந்தன. பிறகு திடீரென்று சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"இந்தா பாருங்க! இன்னைக்குச் சொல்லுறேன். எம் மருமகள இனி எவளாச்சும் மலடின்னு ஒரு வார்த்தை சொன்னீக, நாக்க அறுத்துப்புடுவேன்!"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தெருவில் அந்த வார்த்தையை இன்றுவரை சொன்னது அவர் ஒருவர்தான்.

மருமகளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்து, தெருவெல்லாம் கேட்க அழுதாள். அவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். மாமியார் ஒரு செம்பில் மிச்சமிருந்த வெந்நீரை மொண்டு, சூடு பதமாக இருக்கிறதா என்று தன் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு, "மூஞ்சியக் கழுவுத்தா" என்று அவளிடம் நீட்டினார்.